பாட்டியின் கோலமும் பேத்தியின் மதிப்பெண்ணும்

திண்டிவனம் சாலையில் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்கும் ஓரத்தில் இருக்கிறது கோரிமேடு. ஜிப்மர் மருத்துவமனை இங்கேதான். விழுப்புரம், கடலூர் பக்கமிருந்து பேருந்தில் வந்து இறங்கும் கூட்டத்தில், 'பையன் வயசுக்கு ஏத்த மாதிரி பேசமாட்டேங்கிறான்', 'மூணாவது படிக்கிறா, இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியல' என்ற கவலையைச் சுமந்துவரும் பெற்றோரும் உண்டு. இத்தகைய மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் உளவியலாளர் அந்தக் குழந்தையை எதிரே உட்காரவைத்துச் சில சோதனைகள் வைப்பார். கட்டைகளை அடுக்கச் சொல்வார். சில எண்களைச் சொல்லி அதேபோலத் திருப்பிச் சொல்லச் சொல்வார். இரண்டு பொருள்களுக்குள் என்ன ஒற்றுமை என்று கேட்பார். முடிவில் ஓர் எண் கிடைக்கும். ஐ.கியூ. என்று எல்லோரும் சொல்லும் நுண்ணறிவு ஈவு அது.

அந்த எண் பிறக்கும் விதம் பலருக்குத் தெரியாது. அறிவை அளக்கத் தனி அலகு ஏதும் கிடையாது. ஒரே வயதுக் குழந்தைகள் பலருக்கு ஒரே சோதனையை வைத்து, அவர்களுடைய சராசரிக்கு 100 என்று பெயர் வைக்கிறார்கள். நூறு பேரில் ஏறத்தாழ 68 பேர் 85க்கும் 115க்கும் நடுவில் வரும்படி மதிப்பெண்களைச் சீரமைக்கிறார்கள். 70க்குக் கீழே வருபவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் இருப்பார்கள். ஆகவே ஒரு குழந்தைக்கு 75 என்றால் அது எப்போதும் ஒரு கூட்டத்தோடு ஒப்பிட்டுச் சொன்ன எண். அந்தக் கூட்டம் எந்த ஊரில், எந்த ஆண்டில் சோதிக்கப்பட்டது என்பதைப் பொறுத்து எண் மாறும். மனித அறிவு தலைமுறைக்குத் தலைமுறை கூடுகிறதா என்ற கேள்விக்குள் போக இதுதான் வாசல்.

இந்தச் சோதனை வந்த வழியில் கோரிமேட்டுக்கு ஒரு தனிச் சம்பந்தம் உண்டு. வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளை அடையாளம் கண்டு அவர்களுக்குத் தனிக் கவனம் தர வழி சொல்லுங்கள் என்று பிரெஞ்சு அரசு அமைத்த குழுவில் இருந்தவர் ஆல்ஃபிரெட் பினே. தெயோடோர் சிமோன் என்ற மருத்துவரோடு சேர்ந்து 1905இல் அவர் வெளியிட்டதுதான் நவீன நுண்ணறிவுச் சோதனைகளின் தாய். அன்று புதுச்சேரியை ஆண்டதும் அதே பிரெஞ்சு அரசு. ஆனால் சோதனை பாரிஸிலிருந்து நேராகக் கப்பலேறிப் புதுச்சேரிக்கு வரவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லூயிஸ் டெர்மன் 1916இல் அதைத் திருத்தினார். அந்தத் திருத்தத்தை எடுத்து, தார்வாடில் கன்னடமும் மராத்தியும் பேசும் குழந்தைகளுக்கு ஏற்ப வி. வி. காமத் 1934இல் வடிவமைத்தார். பினே-காமத் சோதனை என்ற பெயரில் இந்திய மருத்துவமனைகளில் இன்றும் வாழ்வது அதுதான். காமத்தின் நூல் நான்காம் பதிப்பாக வந்தது 1967இல். அந்த ஆண்டு பிறந்தவர்கள் இன்று ஓய்வுபெறும் வயதை நெருங்கிவிட்டார்கள்.

பழைய அளவுகோலால் புதிய குழந்தையை அளந்தால் என்ன ஆகும்? இதைத் துருவிப் பார்த்தவர் உளவியலாளரே அல்ல. ஜேம்ஸ் ஃபிளின், அமெரிக்காவில் பிறந்து நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் அரசியல் கற்பித்த பேராசிரியர். சோதனை வெளியீட்டாளர்கள் புதிய பதிப்பு கொண்டுவரும்போது, பழைய பதிப்பையும் புதியதையும் ஒரே ஆட்களுக்கு வைத்துப் பார்ப்பது வழக்கம். அந்த ஏடுகளைப் புரட்டியபோது ஃபிளினுக்கு ஒன்று தட்டுப்பட்டது. பழைய சோதனையில்தான் எல்லோருக்கும் மதிப்பெண் கூடுதல். இன்றைய சராசரி ஆள் அன்றைய சராசரி ஆளைவிட அதிகக் கேள்விகளுக்குச் சரியாக விடை சொல்கிறான் என்று இதற்குப் பொருள். 1984இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, 1932 முதல் 1978 வரை அமெரிக்கர்களின் சராசரி 13.8 புள்ளிகள் உயர்ந்திருந்தது. பத்தாண்டுக்கு 3 புள்ளி. மூன்றாண்டுகள் கழித்து 14 நாடுகளின் தரவுகளைக் கொண்டுவந்து வைத்தார். அவற்றில் ஆளை அசத்தியது நெதர்லாந்து. படையில் சேர அழைக்கப்பட்ட 18 வயது இளைஞர்களுக்கு அங்கே வடிவங்களால் ஆன ஒரே சோதனையைப் பல ஆண்டுகள் மாற்றாமல் வைத்தார்கள். 40 கேள்விகளில் 24க்கு மேல் சரியாகச் செய்தவர்கள் 1952இல் நூற்றுக்கு 31 பேர். 1980களின் தொடக்கத்தில் 82 பேர்.

பின்னாளில் யாகோப் பீட்ஷ்னிக், மார்ட்டின் வோராசெக் என்ற இரு ஆய்வாளர்கள் 1909 முதல் 2013 வரை 31 நாடுகளில் ஏறத்தாழ 40 லட்சம் பேரின் மதிப்பெண்களைத் திரட்டிப் பார்த்தார்கள். நூற்றாண்டில் ஏறக்குறைய 30 புள்ளி உயர்வு தெரிந்தது. 'ஃபிளின் விளைவு' என்ற பெயர் இன்று பாடநூல்களில் இருக்கிறது.

ஏட்டளவில் நிற்கும் சங்கதி இல்லை இது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, உதவித்தொகைக்கும் இட ஒதுக்கீட்டுக்கும் 40 விழுக்காடு குறைபாடு என்ற சான்று வேண்டும். அறிவுசார் குறைபாட்டை மதிப்பிடும்போது, குழந்தை அன்றாட வாழ்க்கையைத் தானே சமாளிக்கும் திறனோடு ஐ.கியூ. எண்ணையும் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் கண்ட அதே வேகத்தில் இங்கும் சராசரி ஏறியிருந்தால், பல பத்தாண்டுகளுக்கு முந்தைய சராசரியை வைத்து அளக்கும் சோதனை, உதவி தேவைப்படும் ஒரு பிள்ளைக்கு 10, 15 புள்ளிகளைச் சும்மா கூட்டிக்கொடுத்துவிடும். 65 வரவேண்டிய இடத்தில் 78 வரும். கணக்கில் அது சிறு பிழை; அந்தத் தாய்க்கு அது கிடைக்காமல்போன மாத உதவித்தொகை. அமெரிக்காவில் இதே சிக்கல் தூக்குமேடை வரை போனது. அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு மரண தண்டனை விதிக்கக் கூடாது என்று 2002இல் ஆட்கின்ஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் பழைய சோதனையில் 70க்குச் சற்று மேலே பெற்ற கைதிகளுக்காக வழக்கறிஞர்கள் ஃபிளின் விளைவைக் காட்டி வாதாடினார்கள். சோதனைகளின் சராசரியைப் புதுப்பிப்பது அலுவலகச் சடங்கு என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சரி, இந்த உயர்வை அப்படியே பின்னோக்கி நீட்டினால் என்ன வரும்? 1900இல் வாழ்ந்த சராசரி மனிதருக்கு இன்றைய அளவில் 70 வரும். நம் கொள்ளுத்தாத்தா தலைமுறையில் பாதிப்பேர் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் என்றாகிவிடும். இதை நம்ப முடியுமா? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்த பையன், 320இல் ஒரு பங்கான முந்திரி வரை பின்ன வாய்ப்பாடுகளைத் தலைகீழாகச் சொன்னான். காகிதமும் பேனாவும் இல்லாமல் நிலம், நெல், வட்டிக் கணக்கெல்லாம் போட்டான். பள்ளிக்கூடமே பார்க்காத பெண், மார்கழி விடியலில் புள்ளி வைத்து, கையை எடுக்காமல் சிக்குக் கோலத்தை இழுத்து, தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்தாள். அந்தக் கோலத்துக்குள் இருக்கும் ஒழுங்கு எவ்வளவு நுணுக்கமானது என்பதைக் கணினி அறிவியல் 1970களில்தான் கண்டுகொண்டது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களை ஆராய்ந்து, படங்களை விதிகளால் உருவாக்கும் இலக்கணங்களை வகுத்தார்கள். 1974இல் வெளியான அவர்களுடைய கட்டுரை உலகின் கவனத்தைப் பெற்றது.

அப்படியானால் உயர்ந்தது எது? ஐ.கியூ. சோதனை பல பகுதிகளால் ஆனது. எல்லாப் பகுதியிலும் உயர்வு ஒரே மாதிரி இல்லை என்பதுதான் இதில் ருசியான இடம். சொல்வளம், பொது அறிவு, மனக்கணக்கு ஆகியவற்றில் ஏற்றம் மிகக் குறைவு. வடிவங்களுக்கிடையே உள்ள விதியைக் கண்டுபிடிப்பதிலும், இரு பொருள்களின் ஒற்றுமையைச் சொல்வதிலும்தான் பெரும் பாய்ச்சல். நாய்க்கும் முயலுக்கும் என்ன ஒற்றுமை? 'நாயை வைத்து முயலைப் பிடிக்கலாம்' என்பது காட்டையும் வயலையும் அறிந்தவர் சொல்லும் விடை. அதற்கு மதிப்பெண் இல்லை. 'இரண்டும் பாலூட்டிகள்' என்பது பள்ளிக்கூடம் போனவர் சொல்லும் விடை. அதற்கு முழு மதிப்பெண். அலெக்சாண்டர் லூரியா என்ற சோவியத் உளவியலாளர் 1931, 1932 ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தான் கிராமங்களில் இதை நேரில் பார்த்தார். பனி நிறைந்த தூர வடக்கில் கரடிகளெல்லாம் வெள்ளை, நோவயா செம்லியா தூர வடக்கில் இருக்கிறது, அங்கே கரடி என்ன நிறம் என்று கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாத உழவர்கள் பதில் சொல்ல மறுத்தார்கள். தாம் பார்க்காத கரடியைப் பற்றித் தாம் எப்படிப் பேசுவது என்பது அவர்கள் கட்சி. ஓரிரு ஆண்டு படித்தவர்களோ உடனே வெள்ளை என்றார்கள். கண்ணால் காணாததைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு தர்க்கம் செய்யும் பழக்கம் பள்ளி தரும் பழக்கம். இந்தப் பழக்கம்தான் நூறாண்டுகளாக உலகமெங்கும் பரவிவந்திருக்கிறது என்று ஃபிளின் கருதினார். மூளையின் அடிப்படைத் திறனே கூடிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. பாட்டியின் மூளைக்கு ஒரு குறையும் இல்லை. அது வேறு வேலைகளில் பழகியிருந்தது, அவ்வளவுதான். பேத்திக்கு வேறு பயிற்சி கிடைத்தது.

மரபணு இதற்குக் காரணமாக முடியாது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஒரு நாட்டின் மரபணுத் தொகுதி இவ்வளவு மாறாது. சூழல்தான் காரணம். ஆனால் சூழல் என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டால் எதுவும் விளங்காது.

பள்ளிக்கூடத்தைப் பற்றித் தெளிவான சான்று நார்வேயிலிருந்து வருகிறது. கட்டாயக் கல்வியை அந்நாடு 7 ஆண்டிலிருந்து 9 ஆண்டாக ஊர் ஊராக நீட்டியபோது, கூடுதலாகப் படித்த ஒவ்வோர் ஆண்டும் இளைஞர்களின் ஐ.கியூ.வை 3.7 புள்ளி உயர்த்தியது. இந்தியாவில் 1951இல் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர். 2011இல் புதுச்சேரியில் மட்டும் நூற்றுக்கு 85 பேருக்கு மேல். அறுபதே ஆண்டுகளில் எத்தனை கோடி மனங்கள் கரிக்கோலும் பலகையும் பிடித்திருக்கின்றன!

அடுத்தது சோறு. பள்ளியில் மதிய உணவு என்றதும் சென்னை மாநகராட்சியும் 1956இல் காமராசரும் 1982இல் எம்.ஜி.ஆரும் நினைவுக்கு வருவார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகம் 1930இலேயே பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கிவிட்டது. இந்தியத் தரவுகளை வைத்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டு வளர்ந்த பெண்களுக்குப் பிறந்த குழந்தைகள் வளர்ச்சி குன்றாமல் உயரமாக இருப்பதைக் காட்டியது. ஒரு தலைமுறை சாப்பிட்ட சோறு அடுத்த தலைமுறையின் உடம்பில் தெரிகிறது.

அயோடின் கதை இன்னும் அழுத்தமானது. கரு உருவாகும் முதல் மாதங்களில் குழந்தைக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்யாது. தாயின் தைராய்டு சுரப்பை நம்பித்தான் அதன் மூளை நரம்புகள் வளர்கின்றன. அதற்கு அயோடின் வேண்டும். அயோடின் கடுமையாகக் குறைந்த பகுதிகளின் குழந்தைகள் மற்றவர்களைவிட 12, 13 புள்ளிகள் பின்தங்குவதைப் பல ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டுகின்றன. மருத்துவ அறிஞர் வி. ராமலிங்கசாமி 1956இல் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய உப்புச் சோதனைதான் 1962இல் தேசியத் திட்டமாக வளர்ந்தது. மனதை உறுத்துவது நம் பக்கத்துக் கணக்கு. தூத்துக்குடியும் வேதாரண்யமும் நாட்டுக்கே உப்பு அனுப்புகின்றன. ஆனால் 2018-19இன் இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதுமான அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் மிகக் குறைவாக இருந்த மாநிலம் தமிழ்நாடு: 61.9 விழுக்காடு. உப்பளத்துக்குப் பக்கத்திலேயே கல்லுப்பை அப்படியே வாங்கிச் சமைப்பது நம் நெடுநாள் பழக்கம். ருசியில் அதற்குக் குறையில்லை. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அது போதாது.

நோய்களும் கணக்கில் உண்டு. நெல்வயல் நீரில் வளரும் கியூலெக்ஸ் கொசுக்கள் பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955இல், வேலூர்ப் பகுதியில். பிறகு கடலூரும் விழுப்புரமும் பல ஆண்டுகள் அதன் பிடியில் இருந்தன. பிழைத்த குழந்தைகளிலும் மூன்றில் ஒருவருக்காவது நரம்பிலோ நினைவிலோ நடத்தையிலோ நிரந்தர பாதிப்பு தங்கிவிடும். கொசு வழி பரவும் நோய்களை ஆராயப் புதுச்சேரியில் 1975இல் நிறுவப்பட்ட ஆய்வு மையம் கோரிமேட்டுக்கு அருகில்தான் இருக்கிறது. தடுப்பூசி வந்தபின் காப்பாற்றப்பட்ட மூளைகள் எந்த ஐ.கியூ. பட்டியலிலும் தனியாகத் தெரியாது. சராசரியை அவை மெல்லத் தூக்குகின்றன.

ஈயம் எதிர்த்திசையில் இழுக்கும். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல்தான் ஒழிந்தது. அதற்குப் பின்னும் சென்னையில் 3 முதல் 7 வயதுள்ள 756 குழந்தைகளைச் சோதித்தபோது, இரத்தத்தில் ஈயம் சராசரியாக டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம் இருந்தது. அமெரிக்கா இன்று எச்சரிக்கை எல்லையாக வைத்திருப்பது 3.5. ஈயம் கூடிய குழந்தைகளிடம் கவனக்குறைவும் பதற்றமும் கூடுதலாக இருப்பதாக 2009இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது.

இந்தக் காரணங்கள் பல ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. கென்யாவின் எம்பு மாவட்டக் கிராமங்களில் 1984இலும் 1998இலும் ஒரே வயதுக் குழந்தைகளைச் சோதித்தார்கள். 14 ஆண்டுகளில் பெரும் ஏற்றம். பெற்றோரின் படிப்பும், குடும்பம் சிறுத்ததும், நல்ல சாப்பாடும் நல்ல உடல்நலமும் காரணமாகச் சொல்லப்பட்டன. நம்மூரில் அதைவிடக் கறாரான சோதனை ஒன்று நடந்திருக்கிறது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் ஒரே பணியாளர்தான் சமைப்பதைக் கவனித்து, எடை பார்த்து, பதிவேடு எழுதி, பாடமும் சொல்லித்தர வேண்டும். அலெஹாந்திரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகியோர் 320 மையங்களைத் தேர்ந்து, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் முன்பருவக் கல்விக்கென்றே இன்னொரு பணியாளரை அமர்த்தச் செய்தார்கள். பாட நேரம் இரட்டிப்பானது. 18 மாதங்களில் குழந்தைகளின் மொழித் திறனும் கணக்கும் கண்கூடாக உயர்ந்தன. கடும் ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தது. மூளையை வளர்க்க மந்திர மாத்திரை தேடுபவர்களுக்கு, ஓர் உள்ளூர்ப் பெண்ணுக்குத் தந்த அந்தச் சிறிய சம்பளம் பதில் சொல்கிறது.

ஏறியது இறங்கவும் செய்யும். நார்வேயில் 1975க்குப் பின் பிறந்த ஆண்களிடம் மதிப்பெண் சரியத் தொடங்கியது. பெர்ன்ட் பிராட்ஸ்பெர்க், ஓலே ரோகெபெர்க் இருவரும் 2018இல் ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த அண்ணன் தம்பிகளை ஒப்பிட்டார்கள். அங்கும் அதே சரிவு. மந்த அறிவுள்ளவர்கள் அதிகம் பிள்ளை பெறுவதால் அறிவு குறைகிறது என்ற பழைய, அசிங்கமான வாதம் அதோடு அடிபட்டுப்போனது. ஒரே வீட்டுக்குள்ளேயே மாறுகிறது என்றால் காரணம் வளரும் சூழலில்தான் இருக்க வேண்டும்.

தமிழ்நாடு இதைவிட வேகமான சரிவைக் கண்டது, கொரோனாவின்போது. கிராமப்புறத்தில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்தது ஓர் ஆய்வு. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் நடத்தியது. இது ஐ.கியூ. சோதனை இல்லை, கணக்கும் தமிழும்தான். ஆனால் ஒப்பிட்ட முறை ஃபிளினுடையதைப் போன்றதே: 2019இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு 2021 டிசம்பரில் இருந்த பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். பள்ளிகள் மூடிக்கிடந்ததன் விலை, கணக்கில் 0.73 திட்ட விலக்கம், ஐ.கியூ. அளவுக்கு மாற்றிச் சொன்னால் 11 புள்ளிக்குச் சமம். தமிழில் 0.34. ஏழை வீட்டுப் பிள்ளைகள் கூடுதலாக இழந்தார்கள்.

2021 அக்டோபர் 27ஆம் நாள், கோரிமேட்டிலிருந்து தொலைவில் இல்லாத மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. மாலையில் ஒன்றரை மணி நேரம்வரை, கோயில் மண்டபத்திலும் வீட்டுத் திண்ணையிலும் தன்னார்வலர்கள் பாடம் சொன்னார்கள். பள்ளிகள் திறந்து ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு மாலை வகுப்புகளால் வந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அவ்வகுப்புகளுக்கு அதிகம் வந்தவர்கள் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள். இழப்பு அவர்களைக் கூடுதலாகத் தாக்கியதைப் போலவே, மீட்சியும் அவர்களிடம்தான் வேகமாக நடந்தது.

அப்போதும் மூன்றில் ஒரு பங்கு மீளாமல் இருந்தது. உடல்நலத்திலும் குறை தீரவில்லை. 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒரு குழந்தையும் புதுச்சேரியில் ஐந்தில் ஒன்றும் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்தன. இரு இடங்களிலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேலானவர்களுக்கு இரத்தசோகை. அந்தக் குழந்தைகள்தான் இப்போது பள்ளிப் படியேறிக்கொண்டிருக்கிறார்கள்.